யாரும் தொடலை, தானா வெடிச்சிருச்சு! வீட்டுக் கண்ணாடி திடீரென நொறுங்குவது ஏன்?

அரிசியும் பருப்பும் சாதத்துக்குக் குக்கரை ஏற்றிவிட்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவது விசில் வரவேண்டிய நேரத்தில் சமையலறையிலிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம். குக்கர்தான் வெடித்துவிட்டது என்று ஓடிப்போய்ப் பார்த்தால், குக்கர் முழுசாக இருக்கும். அடுப்பின் மேல் பளபளவென்று இருந்த கருப்புக் கண்ணாடியைத்தான் காணோம். மேடை, சிங்க், தரை, பக்கத்தில் மூடாமல் வைத்திருந்த சட்னிக் கிண்ணம் வரைக்கும் கல்கண்டு கொட்டியது மாதிரி கண்ணாடித் துண்டுகள்.

இன்னொரு வீட்டில் அடுப்பே எரியவில்லை. ராத்திரி எல்லோரும் தூங்குகிற நேரத்தில் பாத்ரூமில் சத்தம். லைட்டைப் போட்டுப் பார்த்தால் ஷவருக்குத் தடுப்பாக வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடி மொத்தமும் தரையில் கிடக்கிறது. "ஏனுங்க, ஒருத்தரும் தொடவே இல்லீங்க, தானா வெடிச்சிருச்சுங்க" என்று சொன்னால் கடைக்காரர் நம்ப மாட்டார். அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் சிலிண்டரைச் சந்தேகப்படுவார்கள், மீதிப் பேர் கண் திருஷ்டி என்று பூசணிக்காய் உடைக்கச் சொல்வார்கள்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் கண்ணாடி மேற்பரப்பு அடுப்பு, ஷவர் தடுப்பு, மாடிப்படிக்குக் கண்ணாடிக் கைப்பிடி என்பதெல்லாம் சாதாரணமாகிவிட்டது. அதனால் இந்தக் கேள்வியும் சாதாரணமாகிவிட்டது: கண்ணாடி உண்மையிலேயே தானாக வெடிக்குமா?

வெடிக்கும். ஆனால் காரணம் இல்லாமல் வெடிக்காது. அந்தக் காரணம் பெரும்பாலும் பழைய கதை. கண்ணாடி உடைந்த நேரம் வேறு, அடிபட்ட நேரம் வேறு. நடுவில் சில நாட்கள் இருக்கலாம், சில வருடங்களும் இருக்கலாம்.

அது என்ன 'டஃபன்ட்' கண்ணாடி?

செல்போன் கடையில் "டெம்பர் போட்டுத் தரட்டுங்களா?" என்று கேட்கிறார்களே, அந்த டெம்பர்டு கிளாஸின் பெரிய அண்ணன்தான் இது. கண்ணாடிக் கடைகளில் டஃபன்ட் கிளாஸ் என்பார்கள். இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றே. அடுப்பு, ஷவர் தடுப்பு, ஃப்ரிட்ஜ் தட்டு, வாஷிங் மெஷின் மூடி, சாப்பாட்டு மேஜை, காரின் பக்கவாட்டு ஜன்னல் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

சாதாரண ஜன்னல் கண்ணாடி உடைந்தால் கத்தி மாதிரி நீளநீளமாக உடையும். அது மேலே விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டஃபன்ட் கண்ணாடி சின்னச் சின்னக் கட்டிகளாக உதிரும். ஐரோப்பியத் தர அளவுப்படி, 4 முதல் 12 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடியைச் சோதனைக்காக உடைத்தால் 50 மி.மீ. சதுரத்துக்குள் குறைந்தது 40 துண்டுகள் இருக்க வேண்டும். ஆக, நொறுங்குவது இந்தக் கண்ணாடியின் குறை இல்லை. அப்படி நொறுங்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் செய்கிறார்கள். எப்போது நொறுங்குகிறது என்பதுதான் பிரச்சனை.

செய்முறை கோவைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். கணபதி, பீளமேடு பக்கம் பட்டறைகளில் 'ஹீட் ட்ரீட்மென்ட்' என்ற சொல்லைக் கேட்காதவர்கள் குறைவு. உலோகத்தைக் காய்ச்சி, சட்டென்று குளிர வைத்து உறுதியாக்குவது. இந்த மண்ணுக்கு இது பழைய வித்தையும்கூட. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன.

கண்ணாடிக்கும் கிட்டத்தட்ட அதே வேலைதான். தேவையான அளவுக்கு வெட்டி, ஓட்டை போட்டு, ஓரத்தைத் தேய்த்து முடித்த கண்ணாடியை உலையில் 620 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குவார்கள். வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் குளிர்ந்த காற்றை வேகமாக அடிப்பார்கள். மேல்தோல் உடனே குளிர்ந்து கெட்டியாகிவிடும். உள்ளே இன்னும் சூடு இருக்கும். பிறகு உள்பகுதி குளிரும்போது சுருங்கப் பார்க்கும். ஏற்கெனவே கெட்டியான மேல்தோல் அதைச் சுருங்க விடாது. முடிவில் மேல்தோல் முழுவதும் அமுக்கப்பட்ட நிலையிலும், உள்பகுதி முழுவதும் இழுபட்ட நிலையிலும் நின்றுவிடும்.

கயித்துக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு இழுபட்டு நிற்கிறது, மரச்சட்டம் அமுங்கி நிற்கிறது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருப்பதால்தான் கட்டில் உறுதியாக இருக்கிறது. கண்ணாடிக்குள் அந்த இழுப்பும் அமுக்கமும் எவ்வளவு தெரியுமா? முழு டஃபன்ட் கண்ணாடியின் மேல்தோலில் ஒரு சதுர செ.மீ.க்குக் குறைந்தது சுமார் 700 கிலோ அழுத்தம் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தர அளவு.

எந்தக் கண்ணாடியும் உடைவது, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் சின்னக் கீறல் வாய் பிளப்பதால்தான். மேல்தோல் அமுங்கியே இருந்தால் கீறல் வாய் திறக்க முடியாது. அதனால்தான் சாதாரணக் கண்ணாடியைவிட இது நான்கைந்து மடங்கு உறுதி. ஆனால் அந்தக் காவல், ஒவ்வொரு பக்கமும் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான். 8 மி.மீ. கண்ணாடி என்றால் ஒன்றரை மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. அதையும் தாண்டி ஒரு கீறல் உள்ளே போய்விட்டால் கதை முடிந்தது. இழுபட்டு நிற்கும் உள்பகுதி அந்தக் கீறலைத் தானே பிளந்துகொண்டு போகும். கண்ணாடியில் விரிசல் ஓடும் வேகம் விநாடிக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். ஒரு மீட்டர் கண்ணாடியைக் கடக்க விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. நம் கண்ணுக்கும் காதுக்கும் அது 'வெடித்த' மாதிரிதான் இருக்கும். குண்டும் இல்லை, கேஸும் இல்லை. உள்ளே அடைபட்டிருந்த விசை ஒரே நேரத்தில் அவிழ்கிறது.

டஃபன்ட் ஆன பிறகு கண்ணாடியை வெட்டவோ, ஓட்டை போடவோ முடியாது என்பதும் இதனால்தான். "சைட்டுல வந்து ஒரு இன்ச் வெட்டித் தர்றேனுங்க" என்று ஒருவர் சொன்னால், அவர் கையில் இருப்பது டஃபன்ட் கண்ணாடியே இல்லை.

இந்தக் குணம் புதுசாகக் கண்டுபிடித்ததும் இல்லை. உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்ட விட்டால் நீள வால் கொண்ட ஒரு துளி கிடைக்கும். அதன் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வால் நுனியைக் கிள்ளினால் மொத்தமும் தூளாகிவிடும். 1660-ல் இளவரசர் ரூபர்ட் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்குக் காட்டினார். அதனால் 'ரூபர்ட் துளி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. யூடியூபில் தேடினால் இன்றைக்கும் மணிக்கணக்கில் பார்க்கலாம்.

உப்புக் கல்லைவிடச் சின்ன எதிரி

1950-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஐசிஐ ஹவுஸ் என்ற 20 மாடிக் கட்டடம் எழுந்தது. 1958-ல் கட்டி முடித்த கொஞ்ச காலத்திலேயே அதன் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக, யாரும் தொடாமலே உடையத் தொடங்கின. அந்நாட்டு அரசின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பாலன்டைன் என்பவர் 1961-ல் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். அது நிக்கல் சல்ஃபைடு.

கண்ணாடி உருக்கும்போது மூலப்பொருளிலோ இயந்திரப் பாகங்களிலோ இருந்து கொஞ்சம் நிக்கல் கலந்துவிட்டால், அது அங்கே இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து குட்டிக் கல்லாகிவிடும். மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு அளவு, அதாவது உப்புக் கல்லைவிடச் சின்னது. கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கல்லுக்கு இரண்டு வடிவம் உண்டு. சுமார் 380 டிகிரிக்கு மேல் ஒரு வடிவம், கீழே இன்னொன்று. மெதுவாக ஆறவிட்டால் நேரம் எடுத்து மாறிக்கொள்ளும். டஃபன்ட் செய்யும்போது சில விநாடிகளில் குளிர்விப்பதால், மாற நேரம் கிடைக்காமல் சூட்டு வடிவத்திலேயே மாட்டிக்கொள்ளும். பிறகு நம் வீட்டுச் சுவரில் நின்றுகொண்டே நிதானமாக மாறும். மாறும்போது அதன் கனஅளவு 2 முதல் 4 சதவீதம் பெருக்கும். ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் உள்பகுதியில் அந்தக் கல் உட்கார்ந்திருந்தால், அந்தச் சின்னப் பெருக்கமே போதும்.

இந்தக் கண்ணாடிக்கு யாரும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள். ஆலையை விட்டு வரும்போதே அது உள்ளே ஒரு கடிகாரத்தோடுதான் வந்திருக்கும்.

இதற்கு ஒரு வடிகட்டி உண்டு. 'ஹீட் சோக் டெஸ்ட்' என்பார்கள். டஃபன்ட் செய்த கண்ணாடியை மறுபடியும் 290 டிகிரி போலச் சூடாக்கி, மணிக்கணக்கில் வைத்திருப்பார்கள். கல் இருக்கும் கண்ணாடி பெரும்பாலும் அங்கேயே உடைந்துவிடும். நம் வீட்டுக்கு வந்து உடைவதை ஆலையிலேயே உடைத்துவிடுவது. அதற்குப் பிறகும் ஆபத்து பூஜ்யம் ஆகாது. ஐரோப்பியத் தர அளவே 400 டன் கண்ணாடிக்கு ஒரு உடைவு வரை இருக்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறது.

ஈழத் தமிழர்கள் அதிகம் வாழும் கனடாவின் டொரன்டோவில் 2011 வாக்கில் அடுக்குமாடிகளின் பால்கனிக் கண்ணாடிகள் உடைந்து சாலையில் விழுந்தன. ஒன்டாரியோ மாகாண அரசு 2012-ல் கட்டட விதியையே திருத்தியது. பால்கனித் தடுப்புக்கு ஹீட் சோக் செய்த கண்ணாடியோ, லேமினேட் செய்த கண்ணாடியோ எது எங்கே கட்டாயம் என்று எழுதிவைத்தது.

நமக்குத் தெரிந்த கதையும் ஒன்று இருக்கிறது. 2013 ஜனவரி 31-ல் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ஹமீத் அன்சாரி திறந்துவைத்த சென்னை விமான நிலையப் புதிய முனையங்கள். கண்ணாடி உடைந்தது, உள்கூரைப் பலகை விழுந்தது என்று எண்ணி எண்ணிச் செய்தி போட்டோம். எண்ணிக்கை 50-ஐத் தாண்டியும் நிற்கவில்லை. மீம் போட்டவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்தக் கணக்கில் கண்ணாடி, உள்கூரை, கிரானைட் பலகை எல்லாம் சேர்ந்தே இருந்தன. கண்ணாடி நொறுங்குவதும் பலகை கழன்று விழுவதும் வேறு வேறு நோய். இரண்டையும் ஒரே எண்ணில் போட்டதில் காரணம் காணாமல் போய்விட்டது.

குட்டி யானையில் ஏறும்போதே அடிபட்டிருக்கலாம்

எல்லாப் பழியையும் நிக்கல் மீது போட்டுவிட முடியாது. உடைந்த எல்லாக் கண்ணாடிக்கும் "அது நிக்கல் சல்ஃபைடுங்க, நாங்க என்ன பண்றது" என்று சொல்வது பொருத்தியவர்களுக்கு வசதியான பதில்.

டஃபன்ட் கண்ணாடியின் நடுப்பகுதி பயில்வான். ஓரம் அப்படி இல்லை. நடுவில் கை ஓங்கிக் குத்தினாலும் தாங்கும் கண்ணாடி, ஓரத்தை டைல்ஸ் தரையில் 'டக்' என்று வைத்தால் சில்லு பெயர்ந்துவிடும். பெயர்ந்த சில்லு உள்பகுதி வரை போயிருந்தால் அங்கேயே உடையும். கொஞ்சம் மேலே நின்றுவிட்டால்? அப்படியே பிரேமுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பிறகு கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு அதிர்விலும், சூடு ஏறி இறங்கும் ஒவ்வொரு நாளிலும் ஒரு நூல் உள்ளே போகும். குட்டி யானையில் கயிறு கட்டி ஏற்றி வரும்போதோ, மாடிப்படியில் திருப்பும்போதோ பட்ட அடிக்கு, ஆறு மாதம் கழித்து ஒரு ராத்திரி தீர்ப்பு வரும்.

பொருத்துவதில் நடக்கும் தவறுகளும் இதே மாதிரிதான். கண்ணாடிக்கும் கீல் அல்லது கிளாம்புக்கும் நடுவில் ரப்பர் இல்லாமல் இரும்பு நேராகக் கண்ணாடியைத் தொடுவது, ஸ்க்ரூவை அளவுக்கு மேல் முறுக்குவது, சுவரோடு இடைவெளி விடாமல் ஒட்ட வைப்பது. கீல் லூசாகிக் கதவு கொஞ்சம் இறங்கினால், அதன் கீழ் மூலை தினமும் கல்லில் உரசும். ஷவர் கதவு உள்ள வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது அந்த மூலையைத்தான்.

"பகல்ல நல்லா இருந்துச்சு, ராத்திரியில உடைஞ்சுதே" என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. அலுமினியம் சூட்டுக்கு விரியும் அளவு, கண்ணாடியைப் போல இரண்டரை மடங்கு. இரண்டு மீட்டர் நீளத்துக்கு, 30 டிகிரி வித்தியாசத்தில் அலுமினியம் சுமார் 1.4 மி.மீ. மாறும், கண்ணாடி அரை மி.மீ.தான். சித்திரை வெயிலில் நன்றாக விரிந்த பிரேமுக்குள் இடைவெளியே விடாமல் கண்ணாடியைப் பொருத்தினால், மார்கழிக் குளிரில் அந்தப் பிரேம் சுருங்கிக் கண்ணாடியைப் பிடித்து நெரிக்கும். ஓரத்தில் பழைய சில்லு ஒன்று இருந்தால், அதற்கு இந்த நெரிப்பு போதும்.

அடுப்பு விஷயம் கொஞ்சம் வேறு

அடுப்புக் கண்ணாடிக்கு இதெல்லாம் பொருந்தும். கூடவே நெருப்பும் இருக்கிறது.

நல்ல டஃபன்ட் கண்ணாடி, ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் இடையே சுமார் 200 டிகிரி வித்தியாசத்தைத் தாங்கும். சாதாரணக் கண்ணாடிக்கு 40 டிகிரியே அதிகம். சரி, பர்னரிலிருந்து வரும் தீ மேலே போகும்வரை கண்ணாடிக்கு அவ்வளவு சூடு ஏறாது. தீ கீழே திரும்பினால்தான் ஆபத்து.

எப்போது திரும்பும்? உறவுக்காரர்கள் வந்திருக்கிறார்கள், சந்தகைக்குப் பெரிய இட்லிக் குண்டாவை ஏற்றுகிறோம். பாத்திரத்தின் அடி, அடுப்பின் தாங்கியைவிட இரண்டு மடங்கு அகலம். தீ பாத்திரத்தின் அடியில் மோதிப் பக்கவாட்டில் பரவி, சூடு முழுவதும் கண்ணாடி மேல் இறங்கும். நோம்பி நாளில் மணிக்கணக்காக இப்படி நடந்தால் கண்ணாடி பாடுபடும். அண்டா வைக்கிற வேலைக்குத் தரையில் வைக்கும் இரும்பு அடுப்புதான் சரி.

இரண்டாவது, இதைவிட மோசமானது. பர்னர் சரியாக உட்காராமலோ, ஓட்டைகள் அடைத்துக்கொண்டோ இருந்தால், கேஸ் கண்ணாடிக்கு அடியில் கசிந்து அங்கேயே எரியலாம். மேலே தீ சின்னதாகவோ மஞ்சளாகவோ தெரியும். 'புஸ்' என்று அடியில் ஒரு சத்தம் கேட்கும். திருகும் குமிழ் வழக்கத்தைவிடச் சுடும். இதைக் கவனித்தால் அன்றைக்கே அடுப்பை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். பர்னரைக் கழுவியபின் ஈரத்தோடு ஏனோதானோவென்று வைக்கும் பழக்கம் நிறைய வீட்டில் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது ஈரத்துணி. பால் பொங்கி வழிந்த உடனே, சூடாக இருக்கும் கண்ணாடியைக் குளிர்ந்த தண்ணீர் நனைத்த துணியால் துடைப்பது. கீறல் இல்லாத கண்ணாடி தாங்கிவிடும். ஆனால் இரும்பு நாரால் நாலு வருடம் தேய்த்த கண்ணாடியில் கீறல் இல்லை என்று யார் சொல்வது? அடுப்பு ஆறின பிறகு, பஞ்சோ மெல்லிய துணியோ போதும். குக்கரையும் தோசைக்கல்லையும் 'தொம்' என்று கண்ணாடி ஓரத்தில் இறக்கி வைப்பதும் இதே கணக்குதான். ஓரத்திலோ, பர்னர் ஓட்டையின் விளிம்பிலோ நகத்தால் தடவிப் பார்த்துச் சில்லு தெரிந்தால், "ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்று விடக் கூடாது.

வீட்டில் மற்றவை என்று பார்த்தால், ஃப்ரிட்ஜ் கண்ணாடித் தட்டை வெளியே எடுத்த உடனே சுடுதண்ணீரில் கழுவ வேண்டாம். கண்ணாடி மேஜையின் மேல் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராக வைக்க வேண்டாம். வாணலியின் கண்ணாடி மூடியைச் சூட்டோடு சிங்க்கில் போட வேண்டாம்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

டஃபன்ட் கண்ணாடியின் ஒரு மூலையில் அழியாத முத்திரை இருக்கும். கட்டடங்களுக்கான பாதுகாப்புக் கண்ணாடிக்கு இந்தியத் தர எண் ஐஎஸ் 2553, பகுதி 1. எல்பிஜி அடுப்புக்கு ஐஎஸ் 4246. ஐஎஸ்ஐ முத்திரைக்கு அருகில் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால், அந்த உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்பது வந்துவிடும். கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டே செய்து பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை.

முத்திரை தெரியாத பழைய கண்ணாடி என்றால் ஒரு சின்ன வித்தை. 'போலரைஸ்டு' கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, நீல வானத்துக்கு எதிராகவோ லேப்டாப்பின் வெள்ளைத் திரைக்கு முன்னாலோ கண்ணாடியைப் பாருங்கள். டஃபன்ட் என்றால் திட்டுத்திட்டாகவோ பட்டைபட்டையாகவோ நிழல் தெரியும். காற்று அடித்துக் குளிர்வித்த தடம் அது. காரின் பின்கண்ணாடியில் இதைப் பலர் பார்த்திருப்பார்கள், என்னவென்று தெரியாமலே.

ஷவர் தடுப்பு, கண்ணாடிக் கதவு வாங்கும்போது "ஹீட் சோக் பண்ணினதா?" என்று கேளுங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள். தலைக்கு மேல் வரும் கண்ணாடிக்கும், மாடிக் கைப்பிடிக்கும் டஃபன்ட் மட்டும் போதாது. காரின் முன்கண்ணாடி கல் பட்டு விரிந்தாலும் கீழே விழாமல் அப்படியே நிற்கும் இல்லையா? அது லேமினேட்டட் கிளாஸ். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். மாடியில் நிற்பவர் சாய்ந்திருக்கும்போது கைப்பிடிக் கண்ணாடி நொறுங்கினால், டஃபன்ட் மட்டும் என்றால் அடுத்த நொடி அங்கே தடுப்பே இருக்காது. லேமினேட் என்றால் உடைந்தும் நிற்கும். விலை கூடுதல்தான். ஏற்கெனவே டஃபன்ட் மட்டும் போட்டுவிட்டவர்கள், உடைந்தால் சிதறாமல் பிடித்துக்கொள்ள பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாம்.

உடைந்துவிட்டது, இப்போது என்ன செய்வது?

அடுப்பு என்றால் முதலில் ரெகுலேட்டர். கண்ணாடி போனாலும் பர்னர் எரிந்துகொண்டே இருக்கலாம். செருப்பில்லாமல் உள்ளே போகக் கூடாது. குழந்தைகளையும், வீட்டில் நாய் பூனை இருந்தால் அவற்றையும் தடுத்து நிறுத்துங்கள். சமைத்த சாப்பாடு, மூடாமல் இருந்த மாவு, உப்பு எல்லாம் குப்பைக்குத்தான். "மேலாக எடுத்துட்டுச் சாப்பிடலாம்" என்ற பேச்சே வேண்டாம். கேஸ் வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். அது எல்பிஜி கசிவுக்கான 24 மணி நேர எண்.

துண்டுகள் சின்னதாக இருப்பதால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. சில நேரம் நாலைந்து துண்டுகள் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக மேலே விழும். கண்ணில் தூள் பட்டால் கசக்காமல், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஆழமாகக் குத்திய துண்டைப் பிடுங்க வேண்டாம். அதைச் சுற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், இல்லையென்றால் 108.

கூட்டிப் பெருக்குவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். கண்ணாடி கீழே கொட்டாமல் பிரேமிலேயே நின்றிருந்தால் இன்னும் நல்லது. விரிசல்கள் எல்லாம் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பியிருக்கும். அந்தப் புள்ளி ஓரத்திலோ கீல் அருகிலோ இருந்தால், அடிபட்டதையோ பொருத்திய விதத்தையோ சந்தேகிக்கலாம். நடுவில் இருந்து, அங்கே பட்டாம்பூச்சியின் இரண்டு சிறகு மாதிரிச் சற்றே பெரிய இரண்டு துண்டுகள் ஒட்டி நின்றால், நிக்கல் சல்ஃபைடு கல்லைச் சந்தேகிக்கலாம். யார் பொறுப்பு, ஆலையா, பொருத்தியவரா என்ற வாக்குவாதத்தில் இந்த ஒரு போட்டோவுக்குத் தனி மதிப்பு உண்டு.

கடைக்காரரும் கம்பெனியும் கையை விரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோவைக்காரர், கம்பெனி டெல்லியில் இருக்கிறது என்பதற்காக டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டு. "கண்ணாடிக்கு வாரன்டி இல்லை" என்று அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருந்தாலும், உற்பத்திக் குறை என்று காட்ட முடிந்தால் கேட்க வழி உண்டு. குறையுள்ள பொருளால் காயம் ஏற்பட்டால் இழப்பீடு கேட்கவும் அதே சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது.

பில், வாரன்டி அட்டை, போட்டோ, சிகிச்சைச் சீட்டு. கூடவே, முத்திரை குத்திய அந்த மூலைத் துண்டு. குப்பையோடு அள்ளிக் கொட்டிவிடாமல், அதைத் தேடி எடுத்து ஒரு பழைய டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.